ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

மே 8, திங்கள்

வீட்டு மோட்டார் ஓடவில்லை. மெக்கானிக் நாளைக்கு வருகிறேன் என்றார். எந்த நாளைக்கு என்று கேட்டிருக்க வேண்டும்.

அலுவலகம் போனதும் மேலாளர் கோதண்டம் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே விஷயம் நல்லதல்ல.

"ராயன், உங்களுக்குத் தெரியாதது இல்ல. மே முப்பத்தொண்ணு."

"என் பிறந்த தேதி ஜூன் ஒண்ணு."

"அதனாலதான் மே முப்பத்தொண்ணு."

விதி அப்படி. மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவன் முந்தைய மாதக் கடைசி நாளோடு ஓய்வுபெற வேண்டும். ஜூன் 2-ல் பிறந்திருந்தால் ஜூன் முழுக்க வேலை பார்க்கலாம். என் தேதியை எழுதிய தலைமையாசிரியர் ஒரே ஒரு நாள் தள்ளி எழுதியிருக்கலாம். அவருக்கென்ன, பள்ளி திறக்கும் நாளில் வாசலில் நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் கையில் வந்த தேதியைப் போட்டார். கையைத் தலைக்கு மேலே வளைத்து மறுபக்கத்துக் காதைத் தொடச் சொன்னார். தொட்டேன். ஐந்து வயது ஆகிவிட்டது என்றார். எனக்கு அப்போது ஐந்து வயது ஆகவில்லை என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதைக் கோதண்டத்திடம் சொன்னேன்.

"எல்லாருக்கும் ஹெட்மாஸ்டர் போட்ட தேதிதான்யா. எனக்கே ஜூன் அஞ்சு."

"நிஜத்துல எப்ப?"

"எங்க அம்மா மார்கழிங்கறாங்க. எந்த வருஷத்து மார்கழின்னு கேட்டா அழுவுறாங்க."

பிறகு கதவைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "முதலாளிக்கு நம்ம பேப்பர்ல அச்சானதுதான் வேதம். உங்க தேதி வேறன்னு காட்டுற மாதிரி நம்ம பேப்பர்லயே ஏதாவது செய்தி இருந்தா கொண்டாங்க. பேசிப் பார்க்கலாம்."

நான் பிறந்ததைப் பத்திரிகையில் போட்டிருப்பார்களாம். சிரிப்புதான் வந்தது.

மே 9, செவ்வாய்

மெக்கானிக் வரவில்லை.

எனக்கு இந்த வேலையில் இருந்தாக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. ஆனால் 'வரலாற்றில் இன்று' பத்தி பாதியில் நிற்கிறது. சென்ற ஆகஸ்டில் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஊர் ஊராக அலைய முடியாது என்று ஆனபோது, இரண்டாம் பக்கத்தின் அந்த மூலையை என்னிடம் கொடுத்தார்கள். அதுவரை யாரோ இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே விஞ்ஞானி ஒரே வருடத்தில் இரண்டு முறை இறந்திருந்தார். செப்டம்பர் முதல் தேதியிலிருந்து ஒவ்வொரு நாளாகச் சரிபார்த்து வருகிறேன். இன்னும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் பாக்கி. அதைச் செய்ய இங்கே ஆள் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

மே 10, புதன்

1857, மீரட்டில் சிப்பாய்கள் எழுந்த நாள். தஞ்சாவூரிலிருந்து ஒருவர் அழைத்து, வேலூரில் அதற்கு முன்பே எழுந்தார்களே, ஏன் போடவில்லை என்று கோபித்தார். அது ஜூலை 10 ஐயா, ஜூலையில் வரும் என்றேன். ஜூலையில் நான் இருப்பேனா என்பது வேறு விஷயம்.

இரவு இளஞ்சியம் அக்காவுக்குப் போன் செய்தேன். செங்காட்டூரில் எங்கள் பழைய வீட்டில்தான் இருக்கிறாள். அக்காவோடு பேசுவது பேட்டி எடுப்பது போல அல்ல. அவள்தான் கேள்வி கேட்பாள்.

"அக்கா, நான் எந்த மாசம் பொறந்தேன், ஞாபகம் இருக்கா?"

"ஏன்டா, உம் பொண்டாட்டி அமுதாவே உனக்கு மறுபடி பொண்ணு பாக்குறாளா?"

"ஆபீஸ்ல கேக்குறாங்கக்கா."

"அம்பத்தெட்டு வருஷமா கேக்காம இப்ப என்ன? மாசமெல்லாம் தெரியாது. நம்ம தெருவுல லைட்டு எரிஞ்ச அன்னிக்குத்தான்டா நீ பொறந்தே. சாயங்காலம் பல்பு எரிஞ்சுச்சு, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி நீ."

இதை இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றேன். நீ ஏன் கேட்கவில்லை என்றாள்.

ஆக, செங்காட்டூருக்கு மின்சாரம் வந்த நாள்தான் என் பிறந்த நாள். அது செய்தி. அந்தக் காலத்தில் ஓர் ஊருக்கு மின்சாரம் வந்தால் எங்கள் பத்திரிகை நிச்சயம் போட்டிருக்கும்.

மே 12, வெள்ளி

பழைய இதழ்களின் பைண்டு வால்யூம்கள் மூன்றாம் மாடியில் இருக்கின்றன. மின்தூக்கி இரண்டாம் மாடி வரைதான். முழங்காலைப் பற்றி எழுதி என்ன பயன்.

1965, ஜூலை முதல் டிசம்பர் வரை புரட்டினேன். செங்காட்டூர் இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று மாட்டுச் சந்தை, ஒன்று வெள்ளம். தும்மித் தும்மி மூக்கு சிவந்து இறங்கினேன்.

கீழே செய்தி ஆசிரியர் நிர்மல் காத்திருந்தான். என்னைவிட இருபத்திரண்டு வயது இளையவன். சார் என்றுதான் கூப்பிடுவான். அதற்குப் பிறகு சொல்வதெல்லாம் உத்தரவு.

"சார், ஒரு பிரமாதமான ஐடியா. நம்ம மாவட்டப் பிரமுகர்கள் பட்டியலைக் கம்ப்யூட்டர்ல தட்டிப் பார்த்தேன். ஜூன் ஒண்ணாம் தேதி பிறந்தவங்க மட்டும் பதினோரு பேர்! நீதிபதி, ரெண்டு முன்னாள் எம்.எல்.ஏ., நாதஸ்வரக்காரர், காலேஜ் தாளாளர்... வேற எந்த நாளுக்கும் மூணு பேர்கூட இல்ல. முழுப் பக்கம் போடலாம். மண்ணின் மைந்தர்களின் மகத்தான நாள்!"

"நிர்மல், அது பள்ளிக்கூடம் திறக்கிற நாள்."

"அதுவும் ஒரு பொருத்தம்தான் சார்."

"பொருத்தம் இல்லப்பா. அவங்க யாரும் அன்னிக்குப் பொறக்கல. ஹெட்மாஸ்டர் எழுதினது."

யோசித்தான். யோசிக்கிறான் என்று நினைத்தேன்.

"ஒரு ஜோசியர்கிட்ட பாக்ஸ் ஐட்டம் வாங்கிடலாமா சார்? ஏன் இந்த நாள்ல மட்டும் இவ்ளோ சாதனையாளர்கள்னு?"

மே 14, ஞாயிறு

மோட்டார் மெக்கானிக் வந்தார். மோட்டாரைப் பார்த்தார். வேறொரு மெக்கானிக்கைப் பார்க்கச் சொன்னார்.

அமுதா மாவடு வாங்கி வைத்திருக்கிறாள். ஓய்வுபெற்ற பிறகு தினமும் காலையில் மார்க்கெட்டுக்கு நான்தான் போக வேண்டுமாம். இப்போதே சொல்லி வைக்கிறாள்.

மே 15, திங்கள்

பதினோரு பேருக்கும் போன் செய்யத் தொடங்கினேன். நிர்மல் கேட்டது வாழ்க்கைக் குறிப்பு. நான் கேட்டது ஒரே கேள்வி.

ஓய்வுபெற்ற நீதிபதி: "சட்டப்படி ஜூன் ஒன்று. சட்டத்துக்கு வெளியே நான் எப்போது பிறந்தேன் என்பது உங்களுக்குத் தேவையில்லாதது."

முன்னாள் எம்.எல்.ஏ.க்களில் ஒருவர் நல்ல மனிதர். "நான் மாசி மகத்துல பொறந்தவன் தம்பி. எங்கம்மா கொளத்துக்குக் குளிக்கப் போனவ, குளிக்காமலே திரும்பி வந்தா. ஆனா பசங்க போஸ்டரு ஜூன்லதான் ஒட்டுவானுங்க. மாசியில ஒட்டச் சொன்னேன்னு வைய்யி, தலைவருக்கு வருஷத்துல ரெண்டு பொறந்த நாளான்னு எதிர்க்கட்சிக்காரன் கேப்பான்."

நாதஸ்வரக்காரருக்கு நட்சத்திரம் தெரியும், தேதி தெரியாது. தாளாளரின் உதவியாளர், ஐயா கூட்டத்தில் இருக்கிறார், பிறந்தது பற்றி மின்னஞ்சலில் கேளுங்கள் என்றார்.

மே 17, புதன்

1966 முதல் பாதி. ஒன்றும் இல்லை. அக்காவின் ஞாபகம் வருடக் கணக்கில் முன்னே பின்னே இருக்கலாம் என்று 1964-ஐயும் எடுத்தேன்.

இருக்கிறது. அக்டோபர் 17, ஐந்தாம் பக்கம், கடைசிப் பத்தி. 'செங்காட்டூருக்கு மின்சார வசதி. அமைச்சர் விசையை அழுத்தினார். ஊர்மக்கள் பெருமகிழ்ச்சி.' நேற்று முன்தினம் நடந்ததாகச் செய்தி. ஆகவே அக்டோபர் 15, வியாழக்கிழமை.

பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு இரண்டு படி இறங்கிய பிறகுதான் கணக்கு உறைத்தது. 1964. சான்றிதழில் இருப்பது 1965. நான் இளையவன் அல்ல. ஏழரை மாதம் மூத்தவன். ஹெட்மாஸ்டர் என் வயதைக் கூட்டவில்லை, குறைத்திருக்கிறார்.

அம்மா சொன்னது தவறு. தாய்மார்கள் சொல்வது தவறாகவும் இருக்கலாம்.

மே 18, வியாழன்

யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. யாரும் கேட்கவில்லையே.

மே 19, வெள்ளி

அமுதாவிடம் சொல்லிவிட்டேன். சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அப்ப நீங்க போன ஐப்பசியிலயே ரிட்டயர் ஆன ஆளு. இத்தனை மாசமா உங்க சட்டையைப் போட்டுக்கிட்டு ஆபீஸ் போயிட்டு வர்றது யாரு?"

"சிரிக்கிற விஷயமா இது?"

"பின்ன? நீங்க எனக்கு ஒரு வயசு மூத்தவருன்னு சொல்லித்தான் கட்டி வச்சாங்க. இப்ப ஏறக்குறைய ரெண்டு வயசுங்கறீங்க. எங்கப்பா இருந்தா கேட்டிருப்பாரு."

கடுகு கருகிவிட்டது. அதற்கும் நான்தான் காரணம்.

மே 21, ஞாயிறு

கத்திரி வெயில். மோட்டாருக்குப் புதிய மெக்கானிக். பழையவர் கழற்றியதை முதலில் மாட்ட வேண்டும் என்கிறார்.

மதியம் அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் சொன்ன தேதியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லத்தான். கொஞ்சம் கடுப்போடுதான் பேசினேன். எதிர்பார்த்து ஏமாந்தவன் பேசுவது போல என்று அமுதா பிறகு சொன்னாள். நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

"அறுபத்து நாலு அக்டோபர்க்கா. மந்திரி வந்து சுவிட்சு போட்டிருக்காரு. பேப்பர்ல இருக்கு."

"மந்திரியா? எந்த மந்திரிடா நம்ம தெருவுக்கு வந்தான்?"

"செங்காட்டூருக்குக் கரண்டு வந்தப்ப..."

"அது ஊருக்கு."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"ஊருக்கு வந்து ரெண்டு தீபாவளி போச்சுடா. வாய்க்காலுக்கு அந்தாண்ட பளபளன்னு எரியும். இந்தாண்ட நாம சிம்னி விளக்க வச்சுக்கிட்டு அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம். அப்புறம்தான் நம்ம தெருவுக்குக் கம்பம் நட்டான். நாலே நாலு கம்பம். மந்திரியுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. லைன்மேன் ஒருத்தன் சைக்கிள்ல வந்தான், ஏறினான், மாட்டினான், போயிட்டான். நான் தெருன்னுதானே சொன்னேன்? நீ எங்க ஊருன்னு எழுதிக்கிட்டே?"

போனை வைத்துவிட்டு இந்தக் குறிப்பைப் பின்னால் புரட்டினேன். மே 10. அக்கா சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதியிருக்கிறேன்: 'நம்ம தெருவுல'. அதற்கு மூன்று வரி கீழே என் வார்த்தையில்: 'செங்காட்டூருக்கு மின்சாரம் வந்த நாள்'.

புதிதாக வரும் நிருபர்களுக்கு நான் முதல் நாள் சொல்வது இதுதான். தண்ணீர் வரவில்லை என்றால் எந்தத் தெருவுக்கு என்று கேள். சாலை போட்டாயிற்று என்றால் எந்தத் தெரு வரை என்று கேள். முப்பத்து மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாய்க்காலுக்கு இந்தப் பக்கத்தில் இருந்தவரை, வாய்க்காலைத் தாண்டும்போது 'ஊருக்குள்ள போயிட்டு வர்றேன்' என்றுதான் நானும் சொல்வேன். ஊர் என்பது நாங்கள் போய்விட்டு வருகிற இடம். எப்போது மறந்தேன் என்று தெரியவில்லை.

மே 22, திங்கள்

அக்கா சொல்வதை வைத்துப் பார்த்தால் 1965 தீபாவளிக்குப் பிறகு, 1966 தீபாவளிக்கு முன்பு. அப்படியானால் நான் இளையவன்தான். ஐந்து மாதமாவது. ஒன்றரை வருடம்வரைகூட இருக்கலாம். அம்மா சொன்னது சரி.

பத்தியை ஆகஸ்டு வரை முடித்துவிடலாம்.

மே 23, செவ்வாய்

மூன்றாம் மாடி. துணைக்குப் பர்வீன் வந்தாள். உதவி ஆசிரியர் மேசையில் இருக்கிற பெண். பக்கம் போடுவதில் கெட்டிக்காரி. அவளும் சார் என்பாள், அதற்குப் பிறகு கிண்டல்தான்.

"சார், கடைசியா முடிவு பண்ணுங்க. நீங்க பூமிக்கு லேட்டா வந்தவரா, சீக்கிரம் வந்தவரா?"

"பக்கத்தைப் புரட்டும்மா."

"என்ன தேடணும்?"

"எங்க கிழக்குத் தெரு. செங்காட்டூர். மின்சாரம்."

"ஒரு தெருவுக்குக் கரண்டு வந்ததைப் பேப்பர்ல போடுவாங்களா சார்?"

"புரட்டும்மா."

மே 24, புதன்

1966, ஜூன் வரை மறுபடி. இந்த முறை வரி வரியாக. ஒன்றும் இல்லை.

மே 25, வியாழன்

ஜூலை, ஆகஸ்டு. செங்காட்டூர் என்ற பெயர் மூன்று முறை. கோயில் கொடை, கூட்டுறவுச் சங்கத் தேர்தல், ஒரு மாட்டைப் பாம்பு கடித்தது. மாடு பிழைத்துக்கொண்டது என்று அடுத்த வாரம் ஒரு வரி போட்டிருக்கிறார்கள்.

பர்வீன் அந்த வரியைச் சத்தமாகப் படித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வால்யூமை மூடினாள். "டீ குடிக்கலாம் சார்" என்றாள். எனக்கு டீ வேண்டியிருக்கவில்லை. போனேன்.

மே 26, வெள்ளி

செப்டம்பர், அக்டோபர், நவம்பர். இல்லை. பழைய மின்வாரிய ஆட்கள் சிலரைக் கேட்டுப் பார்த்தேன். அவ்வளவு பழைய கணக்கு இப்போது யாரிடமும் இல்லை. நான்கு கம்பங்களுக்கு என்ன கணக்கு என்றார் ஒருவர். நியாயம்தான்.

மோட்டார் ஓடுகிறது. தண்ணீர் ஏறவில்லை.

மே 29, திங்கள்

எவரெஸ்ட் நாள். 1953. காலை ஒன்பது மணிக்கே ஒருவர் அழைத்தார். போன வருடம் எங்கள் பத்திரிகையில் ஜூன் 2 என்று படித்தாராம், எது சரி? ஏறியது மே 29, செய்தி லண்டனுக்குப் போய்ச் சேர்ந்து உலகத்துக்குத் தெரிந்தது ஜூன் 2 என்று விளக்கினேன்.

"அப்ப வரலாறு எதுங்க? நடந்ததா, பேப்பர்ல வந்ததா?"

"நடந்ததுதான்."

"பேப்பர்ல வரலேன்னா நடந்தது எப்படிங்க தெரியும்?"

நல்ல கேள்வி என்று சொல்லிப் போனை வைத்தேன். காலை நேரத்தில் இப்படிப்பட்டவர்களை யார் எழுப்பி விடுகிறார்கள்?

கோதண்டத்தைப் பார்த்தேன். தெருவுக்கு மின்சாரம் வந்த கதையை முழுதாகச் சொன்னேன். கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் நம்புறேன் ராயன். ஆனா நம்ம பேப்பர்ல வந்திருக்கா?"

"வரல."

"ஊருக்கு வந்தது வந்திருக்கா?"

"வந்திருக்கு."

"அதைக் காட்டினா போன அக்டோபர்லயே உங்கள அனுப்பியிருக்கணும்பாங்க."

"ஆமா."

"அப்ப அதைக் காட்டாதீங்க" என்றார். அவரால் செய்ய முடிந்த உதவி அவ்வளவுதான். சங்கடப்பட்டார். பாவம். சங்கடப்படுகிறவர்களைச் சமாதானப்படுத்துகிற வேலையும் எனக்கே வந்து சேர்கிறது.

மே 30, செவ்வாய்

ஜூன் 1 பக்கத்துக்கான வரலாற்றுக் குறிப்புகளை முடித்தேன். நேபாள அரண்மனைக் கொலைகள், 2001. யாழ்ப்பாண நூலகம் எரிந்தது, 1981. சிலர் மே 31 என்கிறார்கள், சிலர் ஜூன் 1 என்கிறார்கள். இரவில் நடந்தது. இரண்டு நாளும் போட்டு, இரவு என்று எழுதினேன். நிர்மல் ஏதாவது ஒரு தேதி போதுமே என்றான். போதாது என்றேன்.

பதினோரு பிரமுகர்களின் பெயருக்கு மேலே ஒரு வரி சேர்த்தேன்: 'பிறந்த தேதிகள் பள்ளிப் பதிவேட்டின்படி'. நிர்மல் அடித்தான். நான் மறுபடி சேர்த்தேன். மறுபடி அடித்தான்.

"சார், இது வாழ்த்துப் பக்கம். பள்ளிப் பதிவேட்டின்படின்னு போட்டா, கல்யாணப் பத்திரிகையில 'மணமகள் என்று கூறப்படுபவர்'னு போடுற மாதிரி இருக்கு."

"கேட்டதைக் கேட்டதுன்னும் பார்த்ததைப் பார்த்ததுன்னும் எழுதணும் நிர்மல். நமக்குத் தெரிஞ்சது பதிவேடு மட்டும்தான்."

"நீதிபதி கோவிச்சுப்பாரு சார்."

"அவரே சட்டப்படின்னுதான் சொன்னாரு. வெளியே எப்பன்னு கேக்காதேன்னாரு."

கடைசியில் சிறிய எழுத்தில், பக்கத்தின் அடியில் என்று ஒத்துக்கொண்டான். பர்வீன் அந்த எழுத்தின் அளவை ஒரு பாயின்ட் கூட்டினாள். அவன் கவனிக்கவில்லை.

மே 31, புதன்

மாலையில் சால்வை. ஐந்து பேர் பேசினார்கள். நான்கு பேர் என் நேரம் தவறாமையைப் பற்றியே பேசினார்கள். ஜாங்கிரி. நான் பேசியது நான்கு வரி.

ஜூன் 1, வியாழன்

விடிந்ததிலிருந்து போன். ஏன் என்று முதலில் புரியவில்லை. அமுதா பேப்பரை எடுத்து வந்து நீட்டினாள். பன்னிரண்டாவதாக என் படம். 'இதே நாளில் பிறந்த எங்கள் மூத்த செய்தியாளர் கா. ராயன்.' நிர்மலின் வேலை. பர்வீனுக்கும் பங்கு உண்டு. படத்துக்குக் கீழே எழுத்துப் பிழை இல்லை.

பதினோரு பேரின் தேதி எனக்கு உறுதியாகத் தெரியாது. அந்தப் பக்கத்தில் தவறு என்று நான் நேரடியாக அறிந்தது ஒன்றுதான், அதில் என் படம் இருக்கிறது. முதலாளிக்கு இனி அதுவே வேதம். கோதண்டமும் அழைத்து வாழ்த்தினார். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

பதினொரு மணிக்குக் கேக் வந்தது. அனுப்பியவர், மாசி மகத்தில் பிறந்த முன்னாள் எம்.எல்.ஏ.

ஜூன் 2, வெள்ளி

மார்க்கெட். வெண்டைக்காய் முற்றல் என்று திட்டு.

இரண்டாம் பக்கத்தைப் பார்த்தேன். 'எவரெஸ்ட் சிகரத்தில் முதன்முதலாக மனிதன் காலடி பதித்த நாள், 1953' என்று போட்டிருக்கிறார்கள். நான்கே நாளில் இரண்டு முறை ஏறிவிட்டார்கள். போனைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன். மறுபடி எடுத்துப் பர்வீனை அழைத்தேன்.

"தெரியும் சார். நான் லீவு. யாரோ ஒட்டிட்டாங்க."

"திருத்தம் போடுங்க."

"போடறேன் சார். சார், ஜூலை பத்து வேலூர்தானே?"

"1806."

"மறக்க மாட்டேன்."

மறப்பாள். ஆனால் கேட்டாளே.

ஜூன் 4, ஞாயிறு

செங்காட்டூருக்குப் பேருந்தில் போனேன். அமுதாவும் வருவதாகச் சொல்லி, மெக்கானிக் வருகிறார் என்று நின்றுவிட்டாள்.

அக்கா பேப்பரைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். என் படம் மட்டும் தெரிகிற மாதிரி மற்றவர்களை மடித்துவிட்டாள். நீதிபதியின் ஒரு காது மட்டும் எட்டிப் பார்க்கிறது.

"இது தப்பான தேதிக்கா."

"படம் நல்லாருக்கு."

கறிக்குழம்பு. சாப்பிட்டு முடித்த பிறகு மறுபடி கேட்டேன். பழக்கம் விடவில்லை. மழை பெய்ததா, அறுப்பு நடந்ததா, பனியா, ஏதாவது ஒன்று. மாதத்தையாவது பிடித்துவிடலாம்.

"எதுக்குடா? அதான் அனுப்பிட்டானுங்களே."

"தெரிஞ்சுக்கத்தான். தெருவுக்குக் கரண்டு வந்த நாளைப் பேப்பர்ல போட்டிருக்கணும். பர்வீன்னு ஒரு பொண்ணு இருக்கு, சொன்னா போடும். தேதி மட்டும் வேணும்."

"தேதி இல்லாம போட மாட்டீங்களா?"

"தேதி இல்லாம எங்கேன்னு போடறது?"

"தேதி இல்லாம பொறந்தவன வேலைக்கு வச்சிருந்தாங்களே?"

இவளை யாரும் எந்தப் பத்திரிகைக்கும் ஆசிரியர் ஆக்கவில்லை. எங்களுக்கு நல்லதுதான்.

கொஞ்ச நேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு நான் மறுபடி கேட்காமலே சொன்னாள்.

"மழையெல்லாம் ஞாபகமில்ல. பல்பு எரியப் போவுதுன்னு தெருவே கம்பத்தடிக்கு ஓடுச்சு. நானும் எண்ணெய் வச்சுத் தலைய வாரி, பாவாடையெல்லாம் மாத்திக்கிட்டு நின்னேன். அம்மாவுக்கு வலி வந்துருச்சு. நீ பொறந்தே. பிரசவம் பாத்த ஆயாக்காரி உன்னத் தொடைச்சு எம் மடியில போட்டுட்டு, அசையாத, கழுத்து நிக்காது, புடிச்சுக்கன்னு சொல்லிட்டு அவளும் ஓடிட்டா. உள்ள நானும் நீயும் அம்மாவும். வெளியில எல்லாரும் ஓன்னு கத்துறாங்க. எந்திரிச்சுப் போய்ப் பாக்கணும்னா உன்னக் கீழ போடணும். போடல."

"மறுநாள் பார்த்திருப்பியே?"

"மறுநாள் பாத்தா அது வெறும் லைட்டுடா. எரியாதது எரியறதை எல்லாரும் பாத்தாங்க. நான் பாக்கல. எனக்கு எட்டு வயசு. அதனாலதான் ஞாபகம் வச்சிருக்கேன், நீ பொறந்ததுக்கு இல்ல."

முப்பத்து மூன்று வருடம் கேள்வி கேட்டுப் பிழைத்தவனிடம் ஒரே ஒரு கேள்விதான் மீதி இருந்தது.

"கோவமாக்கா?"

"பின்ன இருக்காதா? இன்னும் இருக்கு."

"மன்னிச்சிடுக்கா."

"ஆமா, இப்ப வந்து சொல்லு" என்று எழுந்தவள், என் தட்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.